நிற்கிற வண்டிக்கு எதற்கு டீசல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டாதவன். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் நாலு பழத்தை வைத்து நசுக்குவார்களே, அதைக்கூட ஜூஸ் போட்டிருக்கலாமே என்று வாய்விட்டுச் சொல்லி மாமனார் வீட்டில் கெட்ட பெயர் எடுத்தவன். பேய்க் கதைப் புத்தகங்கள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றை நான் எடுப்பது தூக்கம் வராத நாட்களில்தான், இரண்டாவது பக்கத்திலேயே வந்துவிடும். இப்படிப்பட்டவனுக்கு இது நடந்தது என்று நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. என் சகலையிடம் முழுக்கச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியாக எப்போது சுகர் பார்த்தீர்கள் என்றார்.

இத்தனைக்கும் நடந்ததெல்லாம் பட்டப்பகலில். இருட்டாவது கொஞ்சம் ஒத்தாசை செய்திருக்கலாம்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் மேனேஜர். வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் சிலருக்குப் பக்தி வருகிறது, சிலருக்கு முட்டி வலி வருகிறது, எனக்கு முட்டி வலியோடு ஒரு சிவப்பு டர்போ காரும் வந்து சேர்ந்தது. சுந்தரபாண்டியத்தில் பாண்டி என்று ஒருவர், முப்பது வயதிருக்கும், அவர் வைத்திருந்த வண்டி. இஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டுகிற டர்போ, கார்க் கம்பெனி கொடுத்த அதைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டி, இஞ்சினின் கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதி, சைலன்சருக்குப் புதிய குரல் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டும். எனக்கு முப்பது வருடமாக எதுவும் முதுகை ஒட்டியதில்லை என்பதால் உடனே வாங்கிவிட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது பாண்டி ஒரே ஒரு விதி சொன்னார். வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் உடனே அணைக்கக் கூடாது, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, டர்போ சூடு தணிந்த பிறகுதான் அணைக்க வேண்டும். நானும் பயபக்தியோடு அப்படியே செய்தேன். அந்த இரண்டு நிமிடத்துக்குள் வண்டி தானாகவே அணைந்துவிடும், அதுதான் தொல்லை.

ஓடும்போது ஒரு நாளும் நின்றதில்லை. நின்றால்தான் நிற்கும். டீக்கடை வாசலில், சிக்னலில், ரயில்வே கேட்டில், ஒரு நிமிடம் கடந்ததும் பொசுக்கென்று மூச்சு போய்விடும். அப்புறம் கால் மணி நேரம் என்ன கெஞ்சினாலும் ஸ்டார்ட் ஆகாது. பின்னால் நிற்கிற பஸ்காரர்கள் எங்கள் குலத்தைப் பற்றி விசாரிப்பார்கள்.

இது வெறும் எரிச்சலாக இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன், எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் மகள் வித்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. தான் பிறந்தபோது பிரசவம் பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாதான் தனக்கும் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நடுவில் ரயில்வே கேட். வலி எடுத்த பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த கேட்டில் கால் மணி நேரம் நிற்பதை என்னால் கற்பனை செய்ய முடிந்தது, என் மனைவி கோமதியால் இன்னும் நன்றாக முடிந்தது.

"ஆட்டோக்கார அண்ணன்ட்ட சொல்லி வச்சுட்டேன். நீங்க ஒங்க ரதத்துல பின்னால வாங்க, எப்ப வரமுடியுதோ அப்ப" என்றாள்.

மெக்கானிக் ஜெயராஜ் நல்ல மனிதர், தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர், கை சுத்தம். டீசல் ஃபில்டரை மாற்றினார். காற்றுக் குழாய்களில் சோப்புத் தண்ணீர் பூசி ஓட்டை தேடினார். சென்சார் என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு முறையும் "அண்ணாச்சி, இனி நிக்காது" என்பார், நான் அவர் கடை வாசலைத் தாண்டிப் பக்கத்து டீக்கடையில் நிறுத்துவேன், அவர் கண் முன்னாலேயே அணையும். மூன்றாவது தடவை அவர் டீக்கடையை மாற்றச் சொன்னார்.

கடைசியில் ஒரு லேப்டாப்பை வண்டியோடு கோத்து, இரண்டு நாள் அப்படியே ஓட்டச் சொன்னார். வண்டி என்னவெல்லாம் செய்கிறது என்பதை அது கோடு கோடாக எழுதிக்கொண்டே வரும். மூன்றாம் நாள் அந்தக் கோடுகளைப் பார்த்தவர் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, நம்ம தப்பாப் பாத்துட்டு இருந்துருக்கோம். இது நின்னு போகல. யாரோ அணைச்சிருக்காக."

"யாரு?"

"நீங்கதான் ஓட்டுனீக, என்கிட்ட கேக்கீக? இங்க பாருங்க. இது இஞ்சின் கோடு, இது சாவிக் கோடு. வண்டி தானா நின்னா மொதல்ல இஞ்சின் கோடு விழும், சாவிக் கோடு அப்படியே நிக்கும். இதுல மொதல்ல சாவிக் கோடுல்லா விழுது. பொறவுதான் இஞ்சின். ஒம்போது தடவையும் அப்படித்தான்."

சாவி சுவிட்ச்தான் கெட்டிருக்கும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். புதிய சுவிட்ச் போட்டார். போட்ட மறுநாள் காலை பத்தரை மணிக்கு கேட்டில் நின்றேன். என் கையே என்னை அறியாமல் அணைக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு, ஐம்பதைத் தாண்டினால் கைகளை முழுதாக நம்ப முடியாது, அதனால் இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் மாங்காய்க் கீற்று விற்கிற அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், யாரும் துப்பாக்கிய நீட்டிட்டாகளா?"

நான் பதில் சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். இஞ்சின் அணைந்தது. திரும்பிப் பார்த்தால், சாவி அணைக்கிற பக்கம் திரும்பி இருந்தது. சாவிக் கொத்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என் கைகள் தலைமேல்தான் இருந்தன, அந்த அம்மாவே சாட்சி, இப்போதும் அந்த கேட்டில்தான் இருக்கிறார், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

பயம் வந்ததா என்று கேட்காதீர்கள். கோபம்தான் வந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் நேரே சுந்தரபாண்டியத்துக்கு விட்டேன். பாண்டி வீட்டு வாசலில் நிறுத்தி, வேண்டுமென்றே அணைக்காமல், ஜன்னல் கண்ணாடியைக்கூட ஏற்றாமல் உள்ளே போனேன். எனக்கு விற்றது எப்படிப்பட்ட வண்டி என்பதை அவர் காதாலேயே கேட்கட்டும் என்று.

முன்னறையில் ஒரு கட்டில். அதில் பாண்டியின் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. பாண்டியின் அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் சத்தம் போட முடியாமல் நான் என் சண்டையைத் தணிந்த குரலில் ஆரம்பித்தேன், சண்டை அதிலேயே பாதி தோற்றுப்போனது.

"எங்கிட்ட இருக்கையில ஒரு நாளும் நின்னதில்லயே சார்" என்றார் பாண்டி. "எங்கப்பா நல்லா இருந்தப்ப அவருதான் அணைப்பாரு. நான் ரெண்டு நிமிஷம் ஓடட்டும்னு வாசல்ல விட்டுட்டு வருவேன். இவரு விறுவிறுன்னு போயி, ஜன்னல் வழியா கைய விட்டுச் சாவியத் திருப்பிருவாரு. முப்பது வருஷம் மில்லு வேன் ஓட்டுனவருல்லா. நிக்கிற வண்டிக்கு எதுக்குலே டீசலுன்னு என்னய வைவாரு. ஓட்டைக் கரண்டி வச்சு எண்ண ஊத்துத பயலேம்பாரு."

வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கட்டிலில் இருந்தவரின் புருவம் சுருங்கியது. கண் திறக்கவில்லை. வலது கை போர்வையின் மேல் மெல்ல எழுந்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடிப்பது போலச் சேர்ந்தன, மணிக்கட்டு ஒரு திருப்பு திருப்பியது.

வெளியே வண்டி அணைந்தது.

நான் பாண்டியைப் பார்த்தேன். அவர் அப்பாவின் கையைத்தான் பார்த்தார், வண்டியைக் கவனிக்கவே இல்லை. அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீகளா தம்பி? ஒன்றர வருஷமா அசையாத கை. வண்டிய வித்த மறுநாள்லருந்துதான் இப்படித் திருப்புதாவ. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்க வார தம்பிகூட, இது நல்ல அறிகுறி ஆச்சி, இப்படியே அசஞ்சா கை வந்துரும்னுச்சு. அந்த ராசியான வண்டிய வாங்குனவுக நல்லா இருக்கணும்."

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தவன், அந்த ராசியான வண்டியை வாங்கியவன், காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கேவலமான யோசனைதான், ஆனால் வேலை செய்தது. நின்றதும் நானே அணைத்துவிடுவது. கட்டிலில் கிடக்கிற பெரியவர் அணைப்பதற்குள். அப்படிச் செய்தால் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. டர்போ வெந்துவிடும் என்று ஜெயராஜ் கத்தினார், வேகட்டும் என்றேன். எட்டு நாள் ஒரு கோளாறும் இல்லை. கோமதியே ஒரு தடவை ஏறி உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நாள் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுகிற விஷயமாகப் பாண்டி போன் செய்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கை மறுபடியும் விழுந்துருச்சு சார். ஒரு வாரமா அசையவே இல்ல. அம்மா சோறு திங்க மாட்டேங்கு."

அன்றைக்கு நான் தூங்கவில்லை. புத்தகம் எடுத்தும் தூக்கம் வரவில்லை. ஒரு பக்கம் என் பிள்ளை, இன்றோ நாளையோ என்று இருக்கிறாள். மறுபக்கம் யாரோ ஒருவரின் மணிக்கட்டு. நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள ஆசைதான், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பிரசவம் முடியட்டும் என்றுதான் முடிவு செய்தேன்.

மூன்று நாள் கழித்துக் காலை ஏழரைக்கு வித்யாவுக்கு வலி வந்தது. ஆட்டோக்கார அண்ணன் தென்காசியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், போனில் நாதஸ்வரம் கேட்டது. ரதத்தில்தான் போனோம். கேட் மூடியிருந்தது. நின்றதும் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"பிள்ள துடிக்கிறா, இப்பப் போயி டீசல் மிச்சம் பிடிக்கீகளா?" என்று கோமதி என் தோளிலேயே ஒன்று வைத்தாள். வித்யா அந்த வலியிலும், "அம்மா, அவரு கஞ்சத்தனத்த அப்புறம் பேசுவோம்" என்றாள். ரயில் போனது, கேட் திறந்தது, ஒரே திருப்பில் வண்டி பிடித்தது. பதினோரு மணிக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம்.

குழந்தையைப் பார்த்துவிட்டு நான் கீழே வந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. எதுவும் நடக்கவில்லை. இரண்டு மாதமாக எந்த வண்டியை அணையாதே என்று கெஞ்சினேனோ அதன் முன்னால் உட்கார்ந்து, அணையுங்கள் ஐயா, தயவுசெய்து அணையுங்கள், பாருங்கள் டீசல் வீணாகிறது என்று முணுமுணுத்தேன். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வந்தார்.

"சார், நிக்கிற வண்டிய எதுக்கு ஓட விட்டுருக்கீக? பொகையெல்லாம் வார்டுக்குள்ள போகுது, அணைங்க."

"செத்த நேரம் பொறுங்கண்ணே, அணைஞ்சிரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நாலாவது நிமிடம், இந்த முறை நான் சாவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அது அசைந்தது. கொஞ்சம் திரும்பியது, நின்றது, நடுங்கியது, பழக்கம் விட்டுப்போன கை போல இன்னும் கொஞ்சம் திரும்பியது. இஞ்சின் அணைந்தது. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று வாட்ச்மேன் நினைத்திருப்பார்.

சாயங்காலம் பாண்டி போன் செய்தார், கை அசைந்துவிட்டதாம். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போது பேத்திக்குப் பத்து மாதம். வாரம் மூன்று நாள் காலையில் ஆபீஸ் போகிற வழியில் டீக்கடை முன்னால் வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அணைந்ததும் கால் மணி நேரம் பேப்பர் படிப்பேன். என்னைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஜெயராஜ் எதுவும் கேட்பதில்லை, ஜெபத்தில் என்னைச் சேர்த்திருப்பதாக மட்டும் சொன்னார்.

போன வாரம் பாண்டி மறுபடியும் போன் செய்தார். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"சார், நல்ல சேதி. அப்பா கை நல்லாத் தேறிட்டு வருது. இம்புட்டு நாளு ஒரு பக்கம்தான் திருப்புவாக, நேத்துலருந்து அந்தப் பக்கமும் திருப்புதாக."

ரொம்ப சந்தோஷம் என்றேன். அணைக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டார்ட் செய்கிற பக்கம். போனை வைத்துவிட்டு, சட்டைகூடப் போடாமல் கார் செட்டுக்குப் போய், வண்டியிலேயே விட்டிருந்த சாவியை உருவிக்கொண்டு வந்து, சமையலறைக்குப் பக்கத்தில் காலண்டர் ஆணியில் மாட்டினேன். இனி அங்கேதான் இருக்கும். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது எந்தப் பக்கம் பார்த்துத் தொங்குகிறது என்று பார்க்காமல் இருக்கத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.