ரொட்டி பிய்க்க வந்த இடத்தில் ஒரு வட்டம்

எங்க வீட்டுக்காரர் ஹம்தாம் உஸ்பெகிஸ்தான்ல மார்கிலான்ங்கிற ஊர்ல கணக்கு வாத்தியார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு டியூஷன் எடுக்கிறவர். வட்டம், நாண், தொடுகோடுன்னா ஊரே இவர்கிட்டதான் ஓடி வரும். அந்தப் பெருமையில மனுஷன் தரையில கால் வச்சு வருஷக்கணக்காச்சு. டீக் கிண்ணத்தைக் கவுத்து வச்சு வட்டம் போட்டே என் சாப்பாட்டு விரிப்பெல்லாம் பாழ். கல்யாண வீட்டுல பிலாவ் சோத்துத் தட்டு வந்தா, "இதோட ஆரம் என்ன இருக்கும்?"னு பக்கத்துல இருக்கிறவனைக் கேப்பார். அவன் பசியில இருக்கான், பாவம்! இவர் போட்ட கணக்கு தப்புன்னு எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லை. சொல்லிட்டு அப்புறம் யாரு குடித்தனம் பண்றது?

எங்க மக மவ்ஜூதாவும் அதே கணக்கைத்தான் கல்லூரியில படிச்சா. கூடப் படிச்ச தில்முராதை அவளுக்குப் பிடிச்சுப் போச்சு. கட்டினா அவனைத்தான்னு நின்னா. பையன் தங்கம். ஒரே ஒரு குறை, அவன் அப்பா எர்காஷும் கோகந்துல கணக்கு வாத்தியார். ஆண்டவா, ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதாதா?

பொண்ணு கேட்டு வந்தாங்க. விரிப்பு நடுவுல ரொட்டி. ரெண்டு அப்பாவும் சேர்ந்து அதைப் பிய்ச்சாதான் நிச்சயம். அதுவரைக்கும் பொண்ணு டீ ஊத்தலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நிமிஷ வேலை. எர்காஷ் சும்மா இருந்திருக்கலாம்.

"இந்த வருஷம் தேர்வுல கேட்டானே, பாத்தீங்களா? ஆதிப்புள்ளியில மையம், ஆரம் அஞ்சு. எக்ஸ் அஞ்சு, ஒய் பத்துல ஒரு புள்ளி. அங்கிருந்து தொடுகோடு எத்தனை?"

"ஒண்ணு"ன்னார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு."

"சாய்வை எம்முன்னு வச்சுப் போடுங்க. எம் வர்க்கம் அடிபட்டுப் போயிரும். மிச்சம் முக்கால். ஒரு சாய்வு, ஒரு கோடு. முடிஞ்சுது."

"வெளியில இருக்கிற புள்ளின்னா ரெண்டு வந்தே தீரணும் வாத்தியாரே. எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியும்."

"உங்க ஊர்ல வட்டமே கோணலா இருக்கும்போல!"

எர்காஷ் ஒரு காகிதத்துல ரெண்டாவது கோட்டை எழுதி நீட்டினார். இவர் திரும்பிக்கூடப் பாக்கலை. அவர் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்துட்டார்.

"ஒரு தொடுகோட்டைத் தொலைச்ச வீட்டுல எங்களுக்கு என்ன வேலை? கிளம்புடா தில்முராத்!"

பையன் முகத்துல ஈயாடலை. ரெண்டு கிழங்களும் நாசமாப் போக, என் பொண்ணு வாழ்க்கைடா இது!

மவ்ஜூதா கெட்டிலை நங்குன்னு வச்சா.

"அப்பா, செங்குத்தா நிக்கிற கோட்டுக்குச் சாய்வே கிடையாது. எம்மு வச்சா அது எப்படிச் சிக்கும்? எக்ஸ் சமம் அஞ்சு. அதுதான் ரெண்டாவது."

எர்காஷுக்கு மீசைக்குள்ள சிரிப்பு.

"நீங்க சிரிக்காதீங்க மாமா. காகிதத்துல ஒய் சமம் அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கோடு நம்ம புள்ளி வழியாப் போகவே போகாது."

ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே நேரத்துல தொங்கிருச்சு. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வாய் ஜாஸ்தி."

"வாஸ்தவமான பேச்சு சம்பந்தி"ன்னு எர்காஷ் பொத்துன்னு உக்காந்தார்.

சம்பந்தியா! நான் விடுவேனா? ரொட்டியை எடுத்து ரெண்டு பேர் கையிலயும் திணிச்சேன். மகளைத் திட்டிக்கிட்டே பிய்ச்சாங்க. எந்தக் கணக்குலயும் ஒத்துப் போகாத ரெண்டு பேரும் அதுல மட்டும் ஒத்துமை.

மவ்ஜூதா தலையைக் குனிஞ்சுகிட்டு அடக்க ஒடுக்கமா உக்காந்துட்டா. எனக்குத்தான் அழுகை நிக்கவே இல்லை.