பின்னை உடைத்த கூடுகள்

1. தகர டப்பா

துப்பாக்கி கிளப்பின் செக்ரட்டரி ஒரு தகர டப்பாவை என் லேத்தின் மேல் கவிழ்த்தார். உடைந்த பின்கள் ஒன்பது விழுந்தன. ஒன்பதும் நான் கடைந்து கொடுத்தவை.

அறுபத்தைந்தில் எல்லைச் சண்டை ஓய்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நான் வடாலாவில் காதர் பாயின் ஒர்க்ஷாப்பில் டர்னர். மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். செம்பூர் பக்கம் இருந்த அந்த கிளப்பில், சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைத் திரும்ப நிரப்ப ஒரு வெளிநாட்டு பிரஸ் வைத்திருந்தார்கள். ஹேண்டிலை ஒருமுறை இழுத்தால் அடியில் கூடுகள் நிற்கும் வட்டத் தட்டு ஒரு ஸ்டேஷன், அதாவது ஒரு இடம், நகரும். முதல் ஸ்டேஷனில் மெல்லிய பின் ஒன்று கூட்டுக்குள் இறங்கி, அடியில் பதிந்திருக்கும், ஏற்கனவே வெடித்த பழைய கேப்பை வெளியே தள்ளும். புது கேப், மருந்து, குண்டு எல்லாம் அடுத்தடுத்த ஸ்டேஷன்களில். பின் உடைந்து அந்தத் துண்டு தட்டுக்கடியில் மாட்டினால், தட்டை நகர்த்தும் பல்லும் போய்விடும். அந்தப் பல்லை அப்போது வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது நடக்கிற காரியமில்லை.

செக்ரட்டரி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இந்தியில் கேட்டார்: "உங்க ஸ்டீல் மோசமா, இல்லே அந்த ஆளு வேணும்னே உடைக்கிறானா?"

அந்த ஆள் பிரஸ் ஓட்டும் ஷேக் மைதீன். கடையநல்லூர்க்காரர், தாராவியில் குடியிருந்தார். அந்த மாதங்களில் பல பேருக்கு அந்தப் பெயர் ஒன்றே சந்தேகப்படப் போதுமாயிருந்தது.

"மெஷின் சர்வீஸ் பண்ற மாதிரி ரெண்டு நாள் அங்கே உக்காரு. அவன் கையைப் பாரு. பின் மேலே தப்பில்லேன்னா போலீசுக்கு எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காதர் பாய் அரத்தை நிறுத்தாமலே கேட்டார். "வேவு பாக்கவா போற, சுப்பையா?"

"மெஷின் பாக்கத்தான் பாய்."

"அப்ப மெஷினை மட்டும் பாரு."

எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் ஹார்டனிங் தப்பென்றால் பின் சுள்ளி மாதிரி நேராக முறியும். அதனால் கடைசியாகச் செய்த நாலு பின்களுக்கு டெம்பரை இறக்கி, முறியாமல் வளைகிற மாதிரி கொடுத்திருந்தேன். அவை முதலில் வளைந்து, அப்புறம் உடைந்திருந்தன. அப்படியானால் கீழே ஏதோ கெட்டியான பொருளில் மோதுகிறது. அது என்ன பொருள் என்று நான் யோசிக்கவில்லை. யார் வைக்கிறார்கள் என்றுதான் யோசித்தேன்.

2. இரண்டு நாள்

"வாங்க அண்ணாச்சி" என்று மைதீன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் பிரஸ்ஸைப் பிரித்துத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன். பின்னைப் பிடித்திருக்கும் டை நேராக இருந்தது. பின்னும் நடுவில்தான் இறங்கியது. அன்று முழுக்க ஒரு பின்கூட உடையவில்லை. நான் பக்கத்தில் இருப்பதால்தான் உடைக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை டக்கென்று சத்தம் கேட்டது. மைதீன் ஹேண்டிலை விட்டுவிட்டு, உடைந்த துண்டைத் தேடி எடுத்தார். தட்டிலிருந்த கூட்டைக் கழற்றினார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு அதைத் தன் துணிப்பைக்குள் போட்டார்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மாதான்."

நான் நேராக செக்ரட்டரி அறைக்குப் போய், கண்டதைச் சொன்னேன்.

3. மேசை மேல்

வாட்ச்மேன் மைதீனை அங்கே கூட்டி வந்து, பையைப் பிடுங்கி மேசையில் கொட்டினான். சாப்பாட்டு டப்பா, தொழுகைத் தொப்பி, காகிதப் பொட்டலத்தில் பத்துக் கூடுகள். போலீசுக்கு எழுதிய கடிதம் ஏற்கனவே மேசையில் இருந்தது. முதல் நாளே எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும் பாக்கி.

மைதீன் பொட்டலத்தைக் காட்டினார். "திருட்டு இல்ல சார். பின் ஒடைஞ்சப்பல்லாம் அந்தக் கூட்டைத் தனியா எடுத்து வச்சேன். பின்னுதான் மோசம்னு நெனச்சேன். காதர் பாய் நம்ம ஊர்க்காரர்லா, அவர்ட்ட கொண்டு காட்டலாம்னு..." என்னைப் பார்த்தார். "செஞ்சவரு முன்னாலயே எப்படிச் சொல்ல?"

செக்ரட்டரி பேனாவைத் திறந்தார். நான் ஒரு கூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். அடியில், நடுவை விட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஓட்டைகள். நடுவில் கெட்டிப் பித்தளை. மற்ற ஒன்பதும் அப்படியே. ஓடிப்போய் பிரஸ்ஸுக்குப் பக்கத்திலிருந்த ட்ரேயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வந்தேன். அவற்றிலெல்லாம் நடுவில் ஒரே ஓட்டை. பின் அந்த ஓட்டை வழியாகத்தான் கேப்பைத் தொட முடியும். இரண்டு ஓட்டைக் கூடு வந்தால் பித்தளையில் முட்டும், உடையும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியாது.

"இது எந்த மூட்டைல வந்தது?" என்று மைதீனைக் கேட்டேன்.

"புது மூட்டை. சார் கொண்டு வந்தது."

செக்ரட்டரி தம் சிநேகிதர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்த மூட்டை அது. பத்துக் கூடுகளையும் அவரே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். கூடுகளை மைதீன் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் நகரவில்லை. "அந்தக் கடிதம், சார்" என்றேன். முறைத்தார். பிறகு நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

மாலை வரை நானும் மைதீனும் தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தோம். ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டு ஓட்டை உள்ளதைத் தனியாகப் போட்டோம். மூட்டை காலியானபோது சொன்னேன். "தப்பா நெனச்சிட்டேன், மைதீன்."

"நானும் ஒங்க பின்னைத் தப்பாத்தான் நெனச்சேன், அண்ணாச்சி" என்றார். "ஆனா நான் ஆபீசுக்குப் போகலியே."

இந்த மாதிரி பிரஸ்ஸில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தட்டில் ஏற்றும் முன் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் பாருங்கள். ஹேண்டில் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் அழுத்தாதீர்கள், கையை எடுத்துவிடுங்கள். பின் உடைந்தால் துண்டு கிடைக்கும் வரை தட்டை நகர்த்தாதீர்கள். அன்றிலிருந்து இப்படிச் செய்ததில், மைதீன் அங்கே இருந்த வரையில் இன்னொரு பின் உடைந்ததாக எனக்குத் தகவல் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் வேலை செய்பவர் எதையாவது மறைப்பதாகத் தோன்றினால், அடுத்த அறைக்குப் போகும் முன் அவரிடமே இன்னொரு முறை கேளுங்கள். நான் ஒருமுறைதான் கேட்டேன். அதையும் அதட்டலாகக் கேட்டேன்.