நாலாம் நம்பர் டேபிள்

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு பாத்திரக் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். காரணம்? ஒரு கத்தி.

தப்பாக நினைக்காதீர்கள், காய் நறுக்குகிற கத்திதான். வீட்டில் வாங்கி வரச் சொன்னார்கள், போனேன். கடைப் பெண் ஷோகேஸிலிருந்து ஒன்றை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், 'டங்'கென்று கண்ணாடி மேல் வைத்தாள்.

"கையில குடும்மா."

"கைல குடுக்கக் கூடாது சார். எட்த்துக்கங்க."

"நுனி போயிடும்மா!"

"அதெல்லாம் போவாது சார். கம்பெனி சரக்கு."

கம்பெனி சரக்காம்! யாரிடம் சொல்கிறாள்? கம்பெனி சரக்கு எந்த லட்சணத்தில் வெளியே வருகிறது என்று எனக்குத் தெரியாதா? குரலை உயர்த்திவிட்டேன். கடை முதலாளி வந்து சமாதானம் பண்ணும்படி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"ஒரு கத்திக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் மனைவி.

ஒரு கத்திக்கு இல்லை. பதினோரு கத்திக்கு.

இந்தப் பத்தியெல்லாம் எழுத வருவதற்கு முன்னால் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கத்தி ஃபாக்டரியில் வேலை பார்த்தேன். மடக்குக் கத்தி இல்லை. பிளேடும் பிடியும் ஒரே கட்டாக நிற்கிற கத்தி, கறுப்புப் பிடி, ஊசி மாதிரி நுனி. என் உத்தியோகத்தின் பெயர் ஒன்றரை வரி இருக்கும். வேலை என்னவோ ஒன்றுதான்... புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. காலையில் தபால் பிரிப்பேன். மத்தியானம் ஃபாக்டரிக்குள் சுற்றுவேன். நாற்காலியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காருகிற ஜாதி இல்லை நான், அன்றைக்கும் இன்றைக்கும்.

ஒவ்வொரு கத்திப் பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு வைப்போம். 'பரிசோதித்தவர்' என்று போட்டு ஒரு நம்பர். பரிசோதகர்கள் நாலு பேர், நாலு டேபிள். நாலாம் நம்பர், ஸ்டெல்லா.

பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிற பெண். ஆறு மாத டிரெயினிங்கில் இருந்தாள். அது முடிந்தால் வேலை நிரந்தரம். அவள் கத்தியைப் பார்க்கிற அழகே தனி. டியூப் லைட்டுக்கு நேரே பிளேடைத் தூக்கி, விளிம்பு முழுக்க ஒரு பார்வை. பழைய பேப்பரில் ஒரு கீறல். பிடியை ஓர் இழு. கடைசியாக, நுனியை லென்ஸில். அவ்வளவுதான், அடுத்தது. ஸ்டெல்லா பார்த்துவிட்டால் தான் பார்க்க வேண்டாம் என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அப்புறம் ஆரம்பித்தன கடிதங்கள். 'பெட்டியைப் பிரித்தால் கத்தியின் நுனி உடைந்திருக்கிறது.' முதலில் ஒன்று, பிறகு இரண்டு... மூன்று மாதத்தில் பதினொன்று. எல்லாப் பெட்டியிலும் சீட்டு நம்பர், நாலு.

நான் என்ன செய்தேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு ஒரு பதில் ரெடியாக வைத்திருந்தேன். 'எங்கள் கத்திகள் ஒவ்வொன்றும் கடுமையான பரிசோதனைக்குப் பின்னரே அனுப்பப்படுகின்றன. தாங்கள் கைதவறிக் கீழே போட்டிருக்கலாம்.' ஸ்டென்சில் வெட்டி, பெயரை மட்டும் மாற்றி அனுப்புவேன். அதே கையோடு மானேஜருக்கு ஒரு குறிப்பு: 'நாலாம் நம்பர் பரிசோதகரின் கவனக்குறைவாக இருக்கலாம்.'

அதாவது, வெளியே கேட்டால் வாங்கினவர் தப்பு. உள்ளே கேட்டால் ஸ்டெல்லா தப்பு. இரண்டையும் எழுதினது ஒரே பேனா.

ஒரு திங்கட்கிழமை மானேஜர் கூப்பிட்டார். "சாட்டர்டேயோட அந்தப் பொண்ணுக்கு ஆறு மாசம் முடியுது. கன்ஃபர்ம் பண்றதா, அனுப்பிடறதா? அன்னிக்குக் காலைல உங்க ரிப்போர்ட் என் மேஜைல இருக்கணும்."

மறுநாள் ஸ்டெல்லா என் சீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மருந்துச் சீட்டு.

"ஆவடில கண்ணு டாக்டராண்ட போய்ட்டு வந்தேன் சார். ரெண்டு கண்ணும் நல்லா கீதுன்றாரு."

"அப்புறம் என்னம்மா?"

"அப்ப அந்த பதினோரு கத்தி எப்படி சார் எனக்குத் தெரியாமப் போச்சு? இப்பல்லாம் ஒவ்வொண்ணையும் மூணு தபா பாக்குறேன். ஸ்டேஷன்ல போர்டு படிச்சாக்கூட ரெண்டு தபா படிக்கிறேன். என் கண்ண நானே நம்ப மாட்டேன்றேன் சார்."

பார்க்கலாம்மா என்றேன். பார்க்கலாம்! எவ்வளவு சௌகரியமான வார்த்தை!

இதற்கு நடுவில் இன்னொரு வினை. ஸ்டெல்லா பார்த்து முடித்த கத்தியை வாங்கி உறை போட்டுப் பெட்டியில் வைக்கிறவள் கஸ்தூரி. இவளும் பட்டாபிராம். ஒரே ரயில், ஒரே பெட்டி, மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு கை. அப்படி இருந்தவர்கள், பதினோராவது கடிதம் வந்த அன்று டேபிளிலேயே மோதிக்கொண்டார்கள்.

"நீதான் பேக் பண்றப்போ எங்கியாவது இடிச்சிக்கினு இருப்ப."

"உன் கண்ணு அவிஞ்சதுக்கு என் மேல இன்னாத்துக்குடி பழி போடுற?"

அன்றோடு பேச்சு நின்றது. ரயிலில் வேறு வேறு பெட்டி.

புதன்கிழமை ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். கிழித்தேன். வியாழக்கிழமை மறுபடியும்... கிழித்தேன். டீ குடிக்கப் போனேன், வந்தேன், திரும்பவும் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வழியாக டைப் அடித்து முடித்தேன். 'பணியில் தொடரத் தகுதி இல்லை.' மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வைத்துக்கொண்டால்? நிம்மதியாக இருக்க வேண்டாமா? இல்லை. மத்தியானம் கடைசிப் புகார்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஆவடியில் டிஃபென்ஸ் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் விலாசம். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது ஓர் அம்மாள். வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போயிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

"கம்பெனியா? கடுதாசி போட்டா ஆளே வந்துட்டியளே! உக்காருங்க தம்பி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "நான் கீழ போட்டிருப்பேன்னு எழுதியிருந்தியளே... எங்க வீட்டுல எல்லாரும் என்னயப் பாத்து, நீதான் போட்டிருப்பன்னு சொல்லிட்டாவ. பிரிக்கையிலேயே மூக்கு இல்ல தம்பி. சத்தியமாச் சொல்லுதேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அந்தக் கத்தியைப் பார்க்கலாமாம்மா?"

சமையலறையிலிருந்து கொண்டுவந்தார். நான் எழுந்து கையை நீட்டினேன். அவர் கத்தியைப் பக்கத்தில் இருந்த சிமென்ட் ஜன்னல் திண்டில் வைத்தார். 'டங்.'

"கத்தியக் கையில குடுக்கக் கூடாதுல்லா. எடுத்துக்கிடுங்க."

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இந்த 'டங்'கை நான் ஃபாக்டரியில் கேட்டதே இல்லை. கேட்டிருக்க முடியாது. அங்கே கிரைண்டர்கள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் கத்திப் பேசினால்தான் கேட்கும். அங்கேயும் கத்தியை இப்படித்தான் வைக்கிறார்களோ?

அந்த அம்மாள் கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். "தம்பி, பதில் கத்தி தருவியளா மாட்டியளா?" என்று அவர் கேட்டது தெருவரை வந்தது.

பஸ் அன்றைக்குப் பார்த்து ஊர்ந்தது. ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது உள்ளே நுழைந்து, நாலாம் நம்பர் டேபிளுக்குப் பின்னால் போய் நின்றேன். ஸ்டெல்லா நுனியை லென்ஸில் பார்த்தாள். கஸ்தூரி பக்கம் திரும்பாமலேயே கத்தியை மேஜையில் விட்டாள். தகரம் அடித்த மேஜை. நுனிதான் முதலில் தொட்டது. கஸ்தூரியும் இவளைப் பார்க்காமலேயே எடுத்து உறையில் செருகினாள். சத்தம்? ஒரு சத்தமும் இல்லை.

கஸ்தூரி எடுப்பதற்கு முன்னால் அடுத்த கத்தியை நான் எடுத்தேன். லென்ஸில் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடுத்தது... நன்றாக இருந்தது. வரிசையாக எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா சார், இன்னாத்த தேடிக்கினு கீறீங்க?" என்றாள் கஸ்தூரி.

எத்தனையாவது கத்தி என்று நினைவில்லை. அதன் நுனியில் ஒரு பொடி இல்லை. ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இத இப்பத்தான் சார் பாத்தேன். நல்லா இருந்துது சார்!"

"நல்லாத்தாம்மா இருந்தது. ஏன் கஸ்தூரி கையில கொடுக்காம மேஜைல போடற?"

சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி, பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

"கத்திய யாராவது கைல குடுப்பாங்களா சார்?" என்றாள் ஸ்டெல்லா. "எங்களுக்குள்ள சண்ட வரக் கூடாதுன்னு இவ பக்கத்துல வந்த மொத நாள்லேர்ந்தே கீழதான் வெச்சிக் குடுக்குறேன்."

"ஏற்கெனவே சண்ட. இதுல கைல வேற குடுக்கணுமா?" என்றாள் கஸ்தூரி.

ஸ்டெல்லா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். கஸ்தூரி ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள். கத்தி விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே மதம்!

"சரி, மத்த மூணு டேபிள்ல ஏன் நுனி போகலை?"

கஸ்தூரி உறையைக் கீழே வைத்தாள். "அவங்க மரத் தட்டுல அடுக்கி அனுப்புறாங்க சார். இந்த டேபிளும் மின்ன அந்தாண்டதான் இருந்துது. தட்டு வேணாம், கைக்குக் கை போனா டைம் மிச்சம்னு இங்க இஸ்துப் போட்டது யாரு? நீங்கதான சார்?"

நான்தான்.

ஃபாக்டரியில் யோசனைப் பெட்டி என்று ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் அதில் நான் போட்ட யோசனை அது. கைக்குக் கை! யார் கை, யார் கைக்குக் கத்தி கொடுக்கும் என்று யோசித்தேனா? எங்கள் வீட்டிலேயே யாரும் கொடுக்க மாட்டோமே! அந்த யோசனைக்கு எனக்குப் பரிசு வேறு தந்தார்கள். கை தட்டினார்கள். ஸ்டெல்லாவும் தட்டினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் புது ரிப்போர்ட் எழுதினேன். 'மேஜை இடம் மாற்றப்பட்டதால் நுனிகள் சேதமடைந்தன.' படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மேஜை, தகரம், நுனி எல்லாம் இருந்தது. ஆள்தான் இல்லை. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன். இந்த வேலை போனால் எனக்கும் வேறு வேலை கிடையாது. பயமாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'மேஜையை நான் இடம் மாற்றியதால்.'

மானேஜர் இரண்டு தடவை படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அந்தப் பொண்ணைக் கன்ஃபர்ம் பண்ணிடலாம். மேஜைல ரப்பர் ஷீட் போடச் சொல்றேன். நீங்க பதினோரு லெட்டர் எழுதுங்க. ஸ்டென்சில் இல்லாம, கையால. ஒவ்வொண்ணோடயும் ஒரு புதுக் கத்தி."

விஷயத்தைச் சொல்ல டேபிளுக்கு ஓடினேன். வேலை நிரந்தரம் என்றதும் துள்ளுவாள் என்று நினைத்தேன். ஸ்டெல்லா கேட்டது வேறு.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் கீதா சார்?"

"நல்லா இருக்கும்மா. என் கண்ணுதான் சரியில்லை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த கத்தியை எடுத்தாள். விளிம்பு, பேப்பர், பிடி, நுனி. பார்த்து முடித்ததும் கத்தியைத் திருப்பி, பிடியை முன்னால் வைத்து நேரே கஸ்தூரியிடம் நீட்டினாள். கஸ்தூரி தயங்கினாள்.

"வாங்குடி. இதுக்கு மேல புச்சா இன்னா சண்ட வரப்போவுது?"

கஸ்தூரி கையில் வாங்கினாள். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். நான் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். கத்தியை மட்டுமா நாம் கையில் கொடுக்காமல் கீழே வைக்கிறோம்? பழியையும் அப்படித்தான். மெதுவாக எதிரில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறோம். யாராவது எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் வேலை நிரந்தரம் ஆகாதவர்கள்.

போகட்டும். யோசனைப் பரிசாக எனக்குத் தந்தது ஒரு சுவர்க் கடிகாரம். திருப்பிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை, கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை. இன்றும் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வந்த நாளிலிருந்தே தினம் ஐந்து நிமிஷம் ஸ்லோ. கடிகாரக் கம்பெனிக்குப் புகார் எழுதலாம்தான்... ஆனால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா? 'தாங்கள் கைதவறிக் கீழே போட்டிருக்கலாம்!'