அண்ணன் விற்ற பங்குகள்

என் அண்ணன் வலங்கைமானில் உரக்கடை வைத்திருந்தார். அறுவடை முடிந்து விவசாயிகள் பாக்கியைத் தீர்க்கும்போதெல்லாம் ஒரு பகுதியை எடுத்துக் கம்பெனிப் பங்குகள் வாங்கிவிடுவார். நகை, மனை எதிலும் நாட்டமில்லை. மகன் வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் கேட்டபோதும் பங்கை விற்க மாட்டேன் என்றுவிட்டார். அவன் வேறெங்கோ கடன் வாங்கிக் குவைத்துக்குப் போனான். அதன் பிறகு அப்பாவோடு பேசவேயில்லை.

கல்லீரல் கெட்டுப்போய் அண்ணனைத் தஞ்சாவூரில் சேர்த்தோம். மேல் சிகிச்சைக்குச் சென்னை போகச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, படுத்தபடியே எல்லாப் பங்குகளையும் விற்றார். போனை அவர் முகத்துக்கு நேரே நான் பிடித்துக்கொண்டேன்.

"அப்பவே வித்து அவனுக்குக் குடுத்திருக்கலாம்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிக்கும்போது என் சட்டைப்பையில் இருந்த அவர் போன் ஒலித்தது. பணம் வங்கிக்கு வந்துவிட்டதாகச் செய்தி.

கணக்குக்கு அவர் நாமினி போட்டிருக்கவில்லை. வாரிசுச் சான்றிதழும் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள் வங்கியில். வாரிசு அண்ணியும் மகனும் மட்டும்தான். அவன் சாவுக்கே வரவில்லை.

வருமான வரியைப் பற்றி எனக்குச் சொன்னவர் கும்பகோணத்து ஆடிட்டர். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நெல்லுக்கு வரி கிடையாது என்பதற்கு மேல் எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது. அவர் பொறுமையாக விளக்கினார். பங்கை விற்றபோது அண்ணன் உயிரோடு இருந்தார், அதனால் லாபம் அவருடைய வருமானம். அவருக்காக வாரிசுதான் கணக்குத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும்.

"விக்காம இருந்திருந்தா பங்கு அப்படியே உங்க பேருக்கு மாறியிருக்கும்மா. மாறுறதுக்கு வரி இல்ல. நீங்க விக்கிறப்பதான் வரும்."

"ஆஸ்பத்திரிக்குத்தாங்க வித்தாரு" என்றாள் அண்ணி.

அந்தச் செலவை இந்த லாபத்தில் கழிக்க வழியில்லை என்றார் அவர். வாரிசு தனக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு என்றும், தாமதித்தால் வட்டி ஏறும் என்றும் சொன்னார். வந்த சொத்துதான் வங்கியில் பூட்டிக் கிடந்தது.

அன்று மாலை குவைத்துக்குப் பேசினேன்.

"சித்தப்பா, அந்தப் பணத்துல எனக்கு ஒண்ணும் வேணாம். ஆனா கையெழுத்தும் போட மாட்டேன். நான் கேட்டப்ப குடுக்காததுதானே, அப்படியே கெடக்கட்டும்."

அம்மா என்ன செய்வாள் என்று கேட்டேன். அதையே திரும்பச் சொன்னான். வேறு வழி தெரியாமல், படுக்கையில் அவன் அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"அத அவரு எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். பிறகு என் அழைப்பை அவன் எடுக்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்து ஊரெல்லாம் நடவு நடந்த வாரத்தில், கழற்றி வைத்திருந்த தாலிக்கொடியை அண்ணி அடகு வைத்தாள். அதில் வரியைக் கட்டினோம். கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். பெற்ற பிள்ளை மேல் வழக்குப் போட மாட்டேன் என்றாள்.

இந்த வருடமும் ஆடிட்டரைப் பார்த்தேன். அண்ணனின் வங்கிக் கணக்கில் சேரும் வட்டியில் அண்ணியின் பாகத்தை, கைக்கு வராவிட்டாலும், இனி அவள் வருமானமாகக் காட்ட வேண்டுமாம். அவளிடம் சொன்னபோது ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சரி தம்பி, காட்டிடுங்க" என்றாள்.