சலீம் பாயின் எலக்ட்ரிக் சைக்கிளில் வந்த கோளாறு

சலீம் பாய் போய்விட்டார். இன்று விடியற்காலையில்.

அவர் மகள் போன் செய்தாள். "அங்கிள், அத்தா போயிட்டாரு... தூக்கத்துலயே" என்றாள்.

தேரடித் தெருப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். திருவண்ணாமலை நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் சைக்கிள் கூட்டாளி.

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் எலக்ட்ரிக் மவுண்டன் பைக்கை விற்றார். பாய் அதை வாங்கினார். தடித்த டயர், பின் சக்கரத்தில் மோட்டார். நாம் மிதிக்க மிதிக்க அதுவும் சேர்ந்து தள்ளும்.

காலையில் இருவரும் கிளம்பி, அடி அண்ணாமலை தாண்டி மண் பாதைகளில் சுற்றிவிட்டு வருவோம். என்னுடையது சாதா கியர் சைக்கிள். மேட்டின் உச்சியில் எனக்காகக் காத்திருப்பார். காத்திருந்ததைச் சொல்லியும் காட்டுவார்.

ஜவ்வாது மலையில் அந்த சைக்கிளிலேயே ஏற வேண்டும்... அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

"இந்த பேட்டரி தாங்காதுப்பா. பெருசு ஒண்ணு போட்டுட்டு போலாம்" என்றார். பெரிய பேட்டரி வந்தது. "இறக்கத்துல இந்த பிரேக்க நம்ப முடியாது" என்றார். புது பிரேக் வந்தது. அதற்குள் மழைக்காலமும் வந்துவிட்டது.

மழை விட்டபின்தான் அந்தக் கோளாறு ஆரம்பித்தது. மேட்டில் மோட்டார் விட்டு விட்டு இழுத்தது. ஒரு மிதிக்குத் தள்ளும், அடுத்த மிதிக்குச் சும்மா இருக்கும்.

பெரிய பேட்டரி போட்டதுதான் காரணம் என்று பாய் நினைத்தார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒயர் ஜாயின்ட்டுகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினோம். பழைய பேட்டரியைப் போட்டுப் பார்த்தோம். மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புகிற கன்ட்ரோலரையே மாற்றினோம். ம்ஹூம்...

இதில் வேடிக்கை, நான் ஓட்டினால் வண்டி ஒழுங்காக ஓடியது.

"உன்ன பாத்தா பயந்துக்குது போல" என்று சிரித்தார்.

கடைசியில் சென்னையில் ஒரு மெக்கானிக்குக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், நீங்க எவ்ளோ அழுத்தி மிதிக்கிறீங்கனு பாக்கற சென்சார் அதுல இருக்கு. ஒரு கால்ல அழுத்தம் கம்மியானா மோட்டார் விட்டுடும். உங்க மிதி ஸ்டைல் அப்படி. பெடல் சுத்துனாலே ஓடற மாதிரி வேற சென்சார் வருது, அத போட்டுக்கோங்க."

போட்டோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அன்று அடி அண்ணாமலையில் டீ குடிக்கும்போது பாய் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய இடது கால் ஏன் அழுத்தவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவருக்கும்கூட.

"நோன்பு முடியட்டும், மலைக்கு போலாம்" என்றார். நோன்பு முடிந்து, வெயில் ஏறிய ஒரு நாளில் கடைப் படியில் தடுக்கி விழுந்தார். பிறகு நடக்கும்போது செருப்பு தானாக இடது காலிலிருந்து நழுவியது. வேலூருக்குக் கூட்டிப் போனார்கள்.

நரம்பும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய். குணப்படுத்த வழியில்லையாம்.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். படியில் விழுந்தபோது என்று பாயின் மனைவி நூர்ஜஹான் அக்கா சொல்லியிருக்கிறார். பாய் குறுக்கிட்டாராம்.

"இல்ல டாக்டர். அதுக்கு முன்னாடியே சைக்கிள் சொல்லுச்சு. நாங்க சைக்கிள ரிப்பேர் பண்ணிட்டோம்."

இதை வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி அவரே எனக்குச் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னாப்பா, மூஞ்சிய தொங்க போட்டுக்கினு... அப்பவே தெரிஞ்சிருந்தாலும் மருந்து இல்லனு டாக்டரே சொல்லிட்டாரு" என்றார்.

பிறகு அவரே, "ஆனா தெரிஞ்சிருந்தா மலைக்கு அப்பவே போயிருப்பேன். பேட்டரியாவது, பிரேக்காவது" என்றார்.

"கார் எடுத்துட்டு வரேன் பாய், போய் உக்காந்துட்டாவது வரலாம்" என்றேன்.

"கார்ல போறதுனா எப்பவோ போயிருப்பேனே."

நான் மறுபடி கேட்கவில்லை. ஒருவேளை இன்னொரு தரம் கேட்டிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ...

கடைசியாகப் பார்த்தபோது பேச்சு முழுவதும் குழறிவிட்டது. அக்காதான் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்வார். நான் கிளம்பும்போது என் முகத்தையே பார்த்து ஏதோ சொன்னார்.

"உங்க கண்ணாடி கோணலா இருக்காம். கழட்டி குடுங்கன்றாரு" என்றார் அக்கா.

கழற்றிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு அதன் காதுக் கம்பியை வளைக்கப் பார்த்தார். எத்தனை வருஷம் செய்த வேலை... விரல் மடங்கவில்லை. ரொம்ப நேரம் முயன்றார். அக்காவும் நானும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றோம்.

அப்படியே திருப்பிக் கொடுத்தார். போட்டுக்கொண்டு, "சரியாயிடுச்சு பாய்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்று மாலை அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம். உள்ளூரில் இருப்பவர்கள் வந்துவிடுங்கள். கடையில் கண்ணாடி செய்யக் கொடுத்தவர்கள் இந்த வாரம் வீட்டில் யாரையும் கேட்க வேண்டாம், ப்ளீஸ்.

பார்த்துப் போங்க பாய்.