ஏழு அடி

குருசுக்குப்பத்துச் சூசைநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்தவர். அதனால் ஊருக்கு அவர் 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய். மனைவி கல்லறைக்குப் போய்விட்டாள். மகள் ஸ்டெல்லாமேரி புருஷனோடு கப்பலேறிப் பிரெஞ்சு தேசத்துத் துலோனுக்குப் போய்விட்டாள். பட்டாளத்துக் கதையை எத்தனை தடவைதான் கேட்பது என்று அக்கம்பக்கத்தாரும் அவரைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் நிறையவே உண்டு.

1961இல் கடற்கரையோரம் பெரிய கட்டடம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு. பூகம்பம் வந்தால் அந்த மண் எவ்வளவு ஆடும் என்று பார்க்க மதராஸிலிருந்து கோவிந்தசாமி என்கிற இன்ஜினியர் வந்தார். மணலில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு மண்ணுக்குள் ஓடிவரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்று அவருடைய பெட்டி காட்டும். இறுகிய மண்ணில் வேகமாக வரும், பொலபொலத்த மண்ணில் மெதுவாக வரும். மெதுவான மண்தான் பூகம்பத்தில் அதிகம் ஆடுமாம். எனக்கு ஒயர் இழுக்கிற வேலை. சம்மட்டி அடிக்கச் சொல்தாவைப் பிடித்துவந்தவனும் நான்தான்.

"நாலு பேரோட இருக்கற வேலதான வடிவேலு?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

வந்து பார்த்தால் வேலையின் லட்சணம் வேறு. பெட்டியும் நாங்களும் ஒரே இடத்தில் இருப்போம். சம்மட்டி மட்டும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அடிக்கிற நேரத்தில் யாரும் நடக்கக்கூடாது, பெட்டியின் கணக்கு குழம்பிவிடும். குப்பத்துப் பிள்ளைகள் ஒயரைப் பிடுங்காமல் காவல் காக்க வேண்டியிருந்ததால் மத்தியானச் சோறும் அவருக்கு அந்தக் கோடியில்தான்.

பெட்டி தயாரானதும் இன்ஜினியர் "செட்" என்று குரல் கொடுப்பார். முதல் நாள் அதைக் கேட்டதும் சொல்தா தொம் தொம்மென்று ஏழு அடி அடித்தார். ஒன்றைப் படிப்பதற்குள் மற்ற ஆறும் வந்து கணக்கெல்லாம் குட்டிச்சுவர். இன்ஜினியர் மணலில் கால் புதையப் புதைய நடந்து போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் பெரியவரே, இத்தனை தடவை அடிச்சீங்க?"

"நீங்கதான முசியே ஏழுன்னு சொன்னீங்க."

பிரெஞ்சில் செத் என்றால் ஏழு. கடல்காற்றில் போன 'செட்' அவர் காதில் 'செத்' என்று விழுந்திருக்கிறது. இன்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு சிகரெட் கொடுத்து, சைகோனில் மழை எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் திரும்பினார்.

மறுநாளும் ஏழு. அதற்கு மறுநாள் காலையில் ஒழுங்காக அடித்துவிட்டு மத்தியானம் ஏழு. ஒவ்வொரு தடவையும் இன்ஜினியர் நடந்து போவார், செட் என்றால் தயார் என்று விளக்குவார், திட்டுவார், பிறகு சற்று நின்று பேசிவிட்டு வருவார். கிழத்தின் மண்டையில் களிமண் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் இன்ஜினியருக்கும் பொறுமை போயிற்று. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வேலை நடக்க வேண்டுமே. மூங்கில் கழியில் சிவப்புத் துணியைக் கட்டி, "இனிமே கத்தவே வேணாம். கொடி இறங்கினா ஒரே அடி" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு பிசகே கிடையாது. கொடி இறங்கும், ஒரு தொம் கேட்கும். அந்தக் கோடிக்கு யாரும் நடக்க வேண்டிய அவசியம் வரவில்லை. சொல்தா சம்மட்டிக் காம்பில் தாடையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நிற்பார்.

ஒரு சாயங்காலம் ஒயரைச் சுற்றிக்கொண்டே அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

"செட்டுக்கும் செத்துக்கும் வித்தியாசம் தெரிய ஒரு கொடி வேண்டியிருக்குது ஒங்களுக்கு" என்றேன்.

"மொத நாளே தெரிஞ்சிபோச்சிப்பா" என்றார்.

"பின்ன ஏன் அடிச்சீங்க?"

"ஏழு அடிச்சா அந்த மனுஷன் இவ்ளோ தூரம் நடந்து வந்து திட்டிட்டு, ரெண்டு வார்த்த பேசிட்டுப் போனாரு. ஒழுங்கா ஒண்ணு அடிச்சா யாருப்பா வர்றா?"

கொஞ்ச நேரம் அங்கேயே உட்காரலாம் என்று ஒயரைக் கீழே வைத்தேன். அதற்குள் பெட்டிப் பக்கத்திலிருந்து இன்ஜினியர், "வடிவேலு, சீக்கிரம் வாய்யா, வண்டி கெளம்புது" என்று கத்தினார்.

சொல்தா குனிந்து ஒயரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"போப்பா, ஒன்னக் கூப்புடறாங்க" என்றார்.