அத்தை அறைக்குப் போன செட்டாப் பாக்ஸ்

இஸ்திரிக் கடை வைத்திருந்த அவரைத் தெருவில் எல்லோரும் ‘மடிப்பு’ என்றுதான் சொல்வார்கள். சட்டைக் கையில் விழும் கோட்டிலிருந்து வாசலில் கிடக்கும் செருப்பு வரை எல்லாம் அவருக்கு நேராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வீட்டுச் சுவரில் புது டிவி ஏறியது. அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒயர்கள் தொங்கின. கீழே ஒரு ஸ்டூலில் செட்டாப் பாக்ஸ்.

“ஏங்க, படத்தப் பாருங்க. ஒயரையே பாத்துக்கிட்டு!” என்றார் மனைவி.

“கண்ணு அங்கதான் போகுது. நான் என்ன பண்ண?”

ஒயர்களைச் சேர்த்துக் கட்டினார். சடை போலத் தொங்கின. முன்னால் பூச்சாடியை வைத்தார். சாடிக்கு வால் முளைத்தது. கடைசியில் டிவிக்குப் பின்னால் சுவரைத் துளைத்து ஒயரை அந்தப் பக்கம் தள்ளினார். அங்கே மாமியாரின் அறை. அவருடைய அலமாரியில் பாக்ஸை வைத்துவிட்டு, பளிச்சென்று இருந்த கூடத்துச் சுவரைக் காட்டப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“பிரமாதம். சேனல மாத்துங்க, பாப்போம்.”

ரிமோட்டை நீட்டி அழுத்தினார், எக்கி அழுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாக்ஸுக்கு எப்படித் தெரியும்? ரிமோட்டும் மாமியாரிடமே போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து கூடத்தில் இருப்பவர்கள் கத்த வேண்டும். அவர் மனசு வைக்க வேண்டும்.

“அத்தை, மேட்ச் வைங்களேன்!”

“இப்பதான், மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சிருக்கா. அழுது முடிக்கட்டும்.”

சுவர் வழியாக வரும் சத்தத்தை வைத்தே மாமியார் டிவி தொடர் முழுவதையும் கேட்டுவந்தார்.

ஒருநாள் மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பினார். தான் இல்லாத நேரம் யாரும் தன் அறையைக் குடையக் கூடாது அவருக்கு. பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் டிவியைப் போட்டால், அவர் கடைசியாக விட்டுப்போன பொருள் விற்கும் சேனல். மறுநாளும் அதுவே. மனைவி முதலில் சிரித்தார், பிறகு கவனித்தார், பிறகு போன் போட்டார். சுழலும் துடைப்பம் வந்தது. தொப்பையைக் குறைக்கும் பெல்ட் வந்தது.

“இது யாருக்கு?”

“யாருக்கு இருக்கோ அவங்களுக்கு.”

மடிப்பு உடனே மாமியாருக்குப் போன் செய்தார். “அத்தை, எப்ப வர்றீங்க?”

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயில் வராத கேள்வி அது. “ஏன் மாப்பிள்ளை, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று பதறிய மாமியார் மறுநாளே வந்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று.

“அப்ப, எனக்காகக் கூப்பிடல.”

 “இனிமே கூடத்துல உக்காந்து பாருங்க, அத்தை” என்றார் மடிப்பு, தரையைப் பார்த்துக்கொண்டே.

பாக்ஸ் கூடத்துக்குத் திரும்பியது. டிவிக்குக் கீழே சிறிய பலகை அடித்து, ஒயர்களை வெள்ளை பிளாஸ்டிக் பட்டைக்குள் ஓட்டி மூடினார். அன்று மாலை மாமியார் சோபா நடுவில் உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த பெண்ணை உற்றுப் பார்த்தார். “இவதானா அது? குரலக் கேட்டு என்னவோ நெனச்சிருந்தேன்.”

மடிப்பும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுவரில் பட்டை தெரியத்தான் செய்தது. நேராகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்.